பத்து பதினாலின் ஆறு வரிகள்

1

இதை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார்கள். யார் சொன்னார்கள், எதற்கு என்பதை இப்போதே போட்டு உடைத்தால் கதை கெட்டுவிடும், பிறகு சொல்கிறேன். சொன்னபடி ஒரு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு சொல் கிடையாது. வாக்கியங்கள் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருந்தன. ஆனாலும் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, வேறு தாளை எடுத்து இதைத் தொடங்கினேன்.

ஆகவே வாசகரே, இது ஒரு பக்கத்தில் அடங்காமல் வெளியே விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்த கதை. முதல் வரிக்கு மூன்று தடவை முட்டிக்கொண்டேன்.

(அ) "ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு சர்வர் இருந்தது." விளையாட்டு அதிகம். ஒரு மனிதருக்கு வேலை போகவிருக்கிற கதையை இப்படித் தொடங்கினால் அடிக்க வருவார்கள்.

(ஆ) "இயந்திரங்கள் பொய் சொல்வதில்லை, மனிதர்கள்தான்…" இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

(இ) "அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது யார் என்று அலுவலகத்தில் எவருக்கும் நினைவில்லை."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். (எனக்கு நினைவிருக்கிறது. அது வேறு விஷயம்.)

2

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது யார் என்று அலுவலகத்தில் எவருக்கும் நினைவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், கணினிப் பிரிவில், தணிக்கைப் பதிவு பார்ப்பது அவள் வேலை. ஒரு பக்கம் லிப்ட், மறு பக்கம் உடைந்த நாற்காலிகளை அடைத்துவைத்த அறை; நடுவில் அவள் மேசை. தலைக்கு மேலே ஏசி சொட்டுவதால் கீழே ஒரு நீல வாளி. அவள் எதிரில் போட்டிருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தால் இடது பக்கம் லேசாகச் சாயும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

தணிக்கைப் பதிவு என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சர்வர் என்கிற மையக் கணினிக்குள் யார் வந்தார்கள், எதைத் திறந்தார்கள், எதை அழித்தார்கள் என்று சர்வரே எழுதிவைக்கிற குறிப்பு. காலையில் வந்ததும் அதைப் படிக்க வேண்டும். 'இந்த நேரத்தில் இந்த ஆளுக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

தொல்லை எங்கே என்றால், சர்வருக்குள் மனிதர்கள் மட்டும் வருவதில்லை. நேரம் குறித்துவிட்டால் தானாக நடக்கிற வேலைகள் உண்டு. இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது, கோப்புகளை நகர்த்துவது, குப்பையைக் கூட்டுவது. இவற்றை ஓட்டுகிற நிரலுக்கு ஷெட்யூலர் என்று பெயர். நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து, ஒன்றும் செய்யாமல் வெளியே போய், போய்விட்டேன் என்று சொல்லிவிட்டும் போகிற உறவினர் ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஷெட்யூலர். ஒரு வருகைக்கு ஆறு வரி. நாளுக்கு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அந்த மாதிரி உறவினர்கள் ஏழு பேர்.*

* அறுபதாயிரத்துச் சொச்சம் வரி. அவற்றுக்குள் மனிதர்கள் செய்தது இருநூறு வரி தேறினால் அதிகம். பதிவுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் சர்வர் தானாக நின்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். ஒரு முறை நின்றது. நாற்பது நிமிடம். ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசை வாசல் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

எனவே வடிகட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். வடிகட்டியதே தப்பு என்று சொல்கிற கதை அல்ல இது.

3

எதைப் பதிவு செய்யலாம், எதை விடலாம் என்று சர்வருக்குச் சொல்ல ஒரு விதிக் கோப்பு உண்டு. அதை சர்வர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துகிற விதி சொல்வதே முடிவு. அதற்குக் கீழே இருக்கிற விதிகள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளாது.

சல்லடை தன் விதியைப் பதினேழாவது வரியில் எழுதினாள்: ஷெட்யூலர் வந்து போனால் எழுதாதே. ஒன்பதாவது வரியில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது: பரிசோதனை முடிவுகள் உள்ள கோப்புறையில் யார் எதை அழித்தாலும் எழுது. தன்னுடையது அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பதில் அவள் குறியாக இருந்தாள். உறவினர் வரட்டும், போகட்டும், அதைக் குறிக்க வேண்டாம்; ஆனால் பீரோவில் கை வைத்தால் குறித்துக்கொள்.

அறுபதாயிரம் முப்பதாயிரமாகக் குறைந்தது. பாதிச் சத்தம் போயிற்று, பாதி இருந்தது. குப்பை கூட்டுகிற வேலைகளும் அந்தக் கோப்புறையில் எதையாவது அழித்துக்கொண்டேதானே இருக்கின்றன.

[இங்கே மேலாளர் வருகிறார். சாயும் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். கதைக்கு அவசியமில்லை. நீக்கப்பட்டது.]

அன்று மூன்று மணிக்குப் பதினேழாவது வரி முதல் வரியாயிற்று. மறுநாள் பதிவில் இருநூற்றுப் பதினோரு வரிகள்தான் இருந்தன. ஒரு தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். மாதாந்தரக் கூட்டத்தில் கைதட்டினார்கள். சல்லடை என்ற பெயரும் அன்றுதான் வந்தது.

4

இங்கே எனக்கு அவள் மேல் ஒரு சந்தேகம்.

பதினேழா ஒன்றா என்று அவ்வளவு யோசித்தவள், எப்படிச் சட்டென்று மேலே கொண்டுபோனாள்? ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்க மாட்டாளா? பாத்திரம் ஒட்டவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். களைப்பு என்று வைத்துக்கொள்வோம். பாராட்டுக்கு ஆசை என்றும் வைத்துக்கொள்ளலாம். கதை ஓட வேண்டுமே.

அவளைக் கொஞ்சம் நெருக்கமாக்கலாம் என்று ஓர் அக்காவையும் கொடுத்துப் பார்த்தேன். தினமும் நாலு மணிக்கு போன் செய்து "சாப்ட்டியா?" என்று கேட்கிற அக்கா. தொல்லை தாங்காமல் இவள் போனைச் சத்தமில்லாமல் வைக்கிறாள். ஒரு நாள் அந்த அழைப்பு வராமல்… வேண்டாம். சாவி துவாரத்துக்கென்றே செய்த சாவி மாதிரி இருக்கிறது. அக்கா கதையை விட்டுப் போகிறார். அவர் நலமாக இருக்கட்டும்.

5

இனி, வேலை போகவிருக்கிற மனிதர். எந்தச் சட்டை போட்டாலும் அது அவருடைய அண்ணன் சட்டை மாதிரி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் தொளதொளா. பன்னிரண்டு வருடமாக அங்கே தரவுகளைப் பார்த்துக்கொள்கிறவர். சர்வரைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார். அழுக்குப் பட்டாலும் சர்வருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தார்கள். "இருந்தாலும்" என்பார்.

பரிசோதனை முடிவுகளை ஒரு புதிய, பெரிய வட்டுக்கு மாற்றினார்கள். அந்த வட்டை மாட்டிய கோப்புறை முன்பு தற்காலிகக் கோப்புகளுக்கானது; அதை மாதக் கடைசி நாளில் காலி செய்யும்படி பழைய ஒப்பந்தக்காரர் எப்போதோ ஒரு வேலையை நேரம் குறித்து விட்டுப் போயிருந்தார். வேலையின் பெயர் துப்புரவு. நேரம் காலை பத்து பதினாலு. அது அங்கே கிடப்பது யாருக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டிய ஆறு வரிகளை முதல் வரி விதி விழுங்கிவிட்டது. கீழே ஒன்பதாவது விதி வாயைத் திறந்தபடி நின்றது.

பத்து பதினைந்துக்குப் பரிசோதனைக் கூடத்தில் எந்த முடிவும் திறக்கவில்லை. புதிய வட்டுக்குக் காப்புப் பிரதி எடுப்பது இன்னும் தொடங்காததால் பதினோரு நாள் முடிவுகள் போனது போனதுதான். அறுநூற்று நாற்பது பேர் மறுபடி வந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று. அவர்களில் குழந்தைகள் உண்டு. மீட்கிற அவசரத்தில் சர்வரை அன்று மாலையே புதிதாக நிறுவினார்கள். நேரப் பட்டியல், துப்புரவு, எல்லாம் சுவடில்லாமல் போயின.

வேறு சர்வரில் சேர்ந்திருந்த தணிக்கைப் பதிவும் அதன் விதிக் கோப்பும் மட்டும் மிஞ்சின. பதிவு சொன்னது இவ்வளவே: பத்து ஒன்பதுக்குத் தொளதொளா உள்ளே வந்தார். பத்து முப்பத்தொன்றுக்கு வெளியே போனார். இடையில் வேறு யாரும் வரவில்லை.

அழித்ததற்கான வரி எங்கே என்று விசாரணைக் குழு தேடியது. இல்லை. அதுவே அவருக்கு எமனாயிற்று. அழித்ததோடு, அழித்த தடத்தையும் அழித்திருக்கிறார் என்றார்கள். அதற்கான உரிமையும் திறமையும் அவரிடம் உண்டே.

தொளதொளா சல்லடையிடம் வந்தார். சாயும் நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நீங்க பாத்திருப்பீங்களே. நான் எதையும் அழிக்கலன்னு அதுல இருக்குமே."

"அழிச்சதுன்னே எதுவும் அதுல இல்ல."

"அதெப்படி இல்லாம போகும்? நான் செய்யலன்னா வேற யாரோ செஞ்சிருக்கணும். அந்த ஆளு வந்தது விழுந்திருக்கணும்ல?"

அவள் வாளியைப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

"பன்னெண்டு வருஷத்துல அது ஒரு தடவ கூட தப்பா சொன்னதில்ல மேடம். அதான் எனக்கு ஒரே தைரியம்" என்றார். எழுந்து போகும்போது மேசையில் தன் கை பட்ட இடத்தை முழுக்கைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவள் தன் பழைய கோப்புறையைத் திறந்தாள். வடிகட்டுவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று படிக்க, ஒரு நாளின் முழுப் பதிவை மாதிரிக்கு எடுத்துவைத்திருந்தாள். தற்செயலாக அதுவும் ஒரு மாதக் கடைசி நாள். பத்து பதினாலைத் தேடினாள். ஆறு வரிகள். வந்தது துப்புரவு, காலி செய்தது அதே இடம். அன்று அந்த இடம் வெறுமையாக இருந்ததால் நஷ்டம் எதுவுமில்லை.

அந்த ஆறு வரிகளைக் காட்டினால் தொளதொளா பிழைப்பார். காட்டினால், மூன்று மாதமாக அவை ஏன் பதிவில் இல்லை என்று கேட்பார்கள். விதிக் கோப்பின் முதல் வரிக்குப் பக்கத்தில் மாற்றியவர் என்று அவள் பெயர் இருக்கிறது.

[அவள் அச்செடுத்த தாளோடு மேலாளர் அறைக்குப் போகிறாள். திரும்பி வருகிறாள். நீக்கப்பட்டது.]

6

வீடு. காலை. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிரேக் போட்டுப் பழகியவர். வட்ட மேசையில் (முந்தைய வரைவில் சதுரம்) இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீயா எதுக்குப் போய் வாய விடுற?"

"அந்த மனுஷன் வேலை போயிடும்."

"உன் வேலை போகாதா?"

அவர் தட்டைக் கழுவப் போனவர் பாதியில் திரும்பினார். "அவருக்குப் பசங்க இருக்கா?"

"ரெண்டு."

"கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

இந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது முழுக்க நான் கட்டியது. அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. மேசை வட்டமா சதுரமா, தெரியாது. கணவரை ஒரே ஒரு தடவை அலுவலக ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் வாளியின் நிறம் வரைக்கும் சொல்கிறவன் வீட்டுக்குள் போனதும் ஏன் தடுமாறுகிறான் என்று கூர்மையான வாசகர் இந்நேரம் யோசித்திருப்பார்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். தொளதொளா ஓர் அட்டைப் பெட்டியோடு லிப்டில் இறங்குகிறார். அவள் வாளியைக் காலி செய்கிறாள். நல்ல சோகம், அச்சுக்குத் தகும். ஆனால் அவள் இப்படிச் செய்வாள் என்று என் கை நம்ப மறுக்கிறது.

இரண்டாம் முடிவு: ஆறு வரிகளை உறையில் போட்டு, பெயர் எழுதாமல், குழுவின் கதவடியில் தள்ளிவிடுகிறாள். கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தப் பதிவை வைத்திருக்கக் கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். பெயர் எழுதாவிட்டால் என்ன, எழுதினால் என்ன.

மூன்றாம் முடிவு: அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். குழு நெகிழ்ந்துபோய் இருவரையும்… இல்லை. குழுக்கள் நெகிழ்வதில்லை. அவர்கள் ஒன்றே ஒன்று கேட்பார்கள்: "அந்த விதிய மேல போடச் சொன்னது யாரு?"

மூன்று முடிவும் அந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன. மேலாளர் இல்லாமல் கதை நகரவில்லை. அவர் வரும்போதெல்லாம் நான் அவரைத்தான் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

8

எடுத்தவற்றை அதனதன் இடத்தில் திருப்பி வைக்கிறேன்.

மூன்றாம் பகுதியிலிருந்து:

"இன்னும் முப்பதாயிரம் வருதேம்மா. இதுக்குப் பேரு கொறைச்சதா?"

"ஷெட்யூலர் எதையாவது அழிச்சா அது மட்டும் விழட்டும்னு விட்டிருக்கேன் சார்."

"ஷெட்யூலர் என்ன திருடனா? நாம சொன்னதத்தான செய்யுது. அந்த ரூல மேல தூக்கிப் போடு."

"மேல போட்டா கீழ இருக்கிற ஒன்பதாவது ரூல் செத்துடும் சார்."

"மறுபடி சர்வர் நின்னா தெருவுல நிக்கிற ஆளுங்களுக்கு நீ பதில் சொல்றியா? போடும்மா. நான் பாத்துக்கிறேன்."

"ஒரு மெயில் மட்டும் அனுப்பிடுங்க சார்."

"பக்கத்துல உக்காந்து சொல்றேன். இதுக்கு ஒரு மெயிலா?"

ஆக, அவள் மறுத்துப் பேசினாள். நாலாம் பகுதியில் நான் அவள் மேல் போட்ட சந்தேகம் என் மேல் வர வேண்டியது.

ஐந்தாம் பகுதியிலிருந்து, தாளோடு அவள் மேலாளர் அறைக்குள் வந்தபோது:

"சார், நான் குழுகிட்ட போய்ச் சொல்லப் போறேன். உங்ககிட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

"அவசரப்படாத. யோசிச்சியா?"

"யோசிக்க என்ன சார் இருக்கு? அவர் அழிக்கல."

"விதி உன் பேர்ல இருக்கும்மா."

"தெரியும். யார் சொல்லிப் போட்டேன்னு கேப்பாங்க. நீங்கன்னு சொல்வேன். அப்புறம் உங்களக் கேப்பாங்க."

"பாக்கலாம்."

"அன்னைக்கும் பாத்துக்கிறேன்னுதான் சொன்னீங்க சார்."

அவள் அவ்வளவுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. வீட்டு மேசையில் அவளைத் தயங்க வைத்தவன் நான். மூன்று முடிவுகளிலும் அவளை வாசலில் நிறுத்தி வேடிக்கை பார்த்தவனும் நான்தான். அவள் நேற்றுக் காலையே குழுவிடம் போய், ஆறு வரிகளையும் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

குழு அவளை நம்பலாமா என்று யோசிக்கிறது. அச்செடுத்த பழைய தாளைக் கொண்டுவந்து ஒரு கூட்டாளியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் மேலாளரைக் கேட்டிருக்கிறார்கள்: விதி மாற்றம் குறித்துத் தங்களுக்குத் தெரிந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரவும். நாளை மாலை ஐந்து மணிக்குள். அந்த நாளை, இன்றைக்கு வந்துவிட்டது.

நான்தான் அந்த மேலாளர். சல்லடை என்று பெயர் வைத்ததும் நான்தான். கைதட்டலைத் தொடங்கி வைத்ததும்.

9

இழுப்பறையில் இருக்கிற ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வாக்கியங்கள்: "விதிக் கோப்பைப் பராமரிப்பது தணிக்கைப் பதிவு பார்ப்பவரின் பொறுப்பு. மேற்படி மாற்றம் குறித்து எழுத்து மூலமாக என் தரப்பிலிருந்து எந்த உத்தரவும் வழங்கப்படவில்லை."

எவ்வளவு சுத்தம் பாருங்கள். இரண்டும் உண்மை. இவை மேலே நின்றால் கீழே அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழாது. அவளும் போவாள், தொளதொளாவும் போவார். நான் மூன்றாவது மாடியில் புதிதாக வருகிற ஒருத்திக்கு நாற்காலி சாயும் என்று எச்சரித்துக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரமில்லாமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை பகுதிகளாக நான் வெகு தூரத்தில் நின்று பேசுகிற மாதிரி பேசியதெல்லாம் அந்தப் பயத்தால்தான்.

இப்போது மணி நாலு நாற்பது. மேசையில் குழு அனுப்பிய பழுப்பு உறை ஒன்று. அதற்குள் அந்த ஒரு பக்கம் போகலாம், அல்லது இந்தக் கத்தை போகலாம். இரண்டையும் சேர்த்துப் போட முடியாது; ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிகிறது. வாளியை எடுத்துக்கொண்டு போகிறாள். தொளதொளா தன் இடத்தில் உட்கார்ந்து, தொடக் கூடாது என்று தடுத்துவைத்திருக்கிற விசைப்பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. முடிவு எது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் விசாரணைக் குழுவில் ஒருவராக இருந்து, ஒரு பழுப்பு உறையைக் கிழித்து இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அப்படியில்லாமல் வேறெங்கோ சாய்ந்து உட்கார்ந்து, இதை ஒரு கதை என்று படித்துக்கொண்டிருந்தால், உறைக்குள் போனது மற்றது.

எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்?